பைன் கிரீக் பள்ளத்தாக்கில் உடம்புச் சூடு இறங்கிய நிகழ்வு: ஒரு கிராவல் சைக்கிள் பயணத்தின் ஆய்வு

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் சைக்கிள் ஓட்டுகிறோம். தலைவர், சந்தா எதுவும் கிடையாது, ஒரு வாட்ஸப் குழு மட்டும்தான். அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை இந்தக் குழுவில் நான்கு பேர் பென்சில்வேனியாவின் பைன் கிரீக் பள்ளத்தாக்கில், கிராவல் என்கிற தார் போடாத பொடிக்கல் பாதையில் ஓட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கு ஹைப்போதெர்மியா, அதாவது உடம்பின் உள்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கும் நிலை, ஏற்பட்டது. இப்போது முழுக்கத் தேறிவிட்டார். நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டு இதை எழுதியிருக்கிறேன். நான் அன்று சைக்கிள் ஓட்டவில்லை. காரோடு கீழ்முனையில் காத்திருந்தேன்.

இடம்

பைன் கிரீக் பள்ளத்தாக்கைப் ‘பென்சில்வேனியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அரிசோனாவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சிவப்புப் பாறை கிடையாது. அடியிலிருந்து விளிம்புவரை காடுதான். நீளம் ஏறக்குறைய 75 கி.மீ. கிழக்கு விளிம்பில் உள்ள லெனர்ட் ஹாரிசன் மாநிலப் பூங்காவில் நின்று பார்த்தால் ஆறு சுமார் 240 மீட்டர் கீழே தெரியும். பனியுகத்துக்கு முன் இந்தப் பகுதியில் தண்ணீர் வடக்கே ஓடியது. பனிப்பாறை வழியை அடைத்ததும் தெற்கே திரும்பி மலையை அறுத்துக்கொண்டு போனது. 1968-ல் இதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள்.

1883-ல் ஆற்றோரமாக ரயில் வந்தது. ஹெம்லாக், வெள்ளைப் பைன் என்ற ஊசியிலை மரங்களை மொட்டையடித்த காலம் அது. இன்று நாம் பார்ப்பது மறுபடி முளைத்த காடு. 1988-ல் கடைசி ரயில் போனது. பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பிச் சைக்கிள் பாதையாக்கினார்கள். முதல் பகுதி 1996-ல் திறந்தது. இப்போது வெல்ஸ்பரோ ஜங்ஷனிலிருந்து ஜெர்சி ஷோர் வரை 62 மைல், அதாவது 100 கி.மீ.

ரயில் போன தடம் என்பதால் சரிவு எங்கேயும் 2 சதவீதத்தைத் தாண்டாது. குழந்தைகளும் ஓட்டலாம். ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. ஏற்றம் இருந்தால் ஆள் முன்கூட்டியே யோசிப்பார். இங்கே யாரும் யோசிப்பதில்லை. டார்லிங் ரன் என்ற இடத்தைத் தாண்டிவிட்டால் பிளாக்வெல் கிராமம் வரை சுமார் 27 கி.மீ. தூரத்துக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலைச்சரிவு. கடை இல்லை, வீடு இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. பாதையில் மோட்டார் வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. ஏறக்குறைய பாதி வழியில் டயடாட்டன் என்ற கூடாரத்தளம் இருக்கிறது. கிழக்கு மலையிலிருந்து ஒரு காட்டுச் சாலை அங்கே இறங்குகிறது. நடுவில் வண்டி வந்து சேரக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

போனவர்கள்

வழிநடத்தியவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. இந்தப் பாதையைக் கோடையில் நன்றாகத் தெரிந்தவர். இரண்டாமவர் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். மூன்றாமவர் மென்பொருள் பொறியாளர். நால்வரில் நல்ல சைக்கிள் வைத்திருப்பவர். நான்காமவர் படிப்பு முடித்து அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த இளைஞர். ஒல்லியான உடம்பு. மதுரைப் பக்கத்துப் பையன். அமெரிக்காவில் ஒரு குளிர்காலம் பார்த்தவர், ஆனால் அதில் வெளியே சுற்றியவர் இல்லை. சைக்கிள் இரவல்.

அவர் போட்டிருந்தது பருத்தி டீஷர்ட், அதன் மேல் பருத்தி ஹூடி, அதற்கும் மேல் காற்றைத் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட். கையுறை விரல் வெட்டியது. மற்ற மூவரிடமும் மழைச் சட்டை இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரத்துக்கு மேல் காரில் வந்திருந்தோம். வழியில் எல்லோரும் சாண்ட்விச் சாப்பிட, அவர் ஒரு வாழைப்பழமும் காபியும் போதும் என்றார். முந்தைய இரவு தூங்கியதும் குறைவு என்று பின்னால் சொன்னார்.

திட்டம்

வெல்ஸ்பரோ ஜங்ஷனில் தொடங்கி பிளாக்வெல்லில் முடிப்பது, மொத்தம் 40 கி.மீ. அளவு. முன்னறிவிப்பில் மாலை மூன்று மணிக்கு மேல் மழை என்று இருந்தது. ஒன்றரை மணிக்குப் பிளாக்வெல் வந்துவிடுவோம் என்று என்னிடம் சொன்னார்கள். ஒன்றரைக்கு வராவிட்டால் நான் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டார்லிங் ரன்: முதல் முடிவு

பத்தே காலுக்குக் கிளம்பினார்கள். மார்ஷ் கிரீக் ஓடையை ஒட்டிய சதுப்பு நிலம் வழியாக முதல் 14 கி.மீ. நன்றாகப் போயிற்று. இலைகள் நிறம் மாறி உச்சத்தில் இருக்கும் வாரம்; நின்று நின்று படம் எடுத்தார்கள். டார்லிங் ரன் வந்தபோது மணி பதினொன்று பத்து. தூறல் ஆரம்பித்திருந்தது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸ்.

வழிநடத்தியவர் அங்கே நிறுத்தினார். நிறுத்தும் இடம் என்று திட்டத்தில் இல்லாத அங்கே அவராகவே நிறுத்தினார் என்பதைச் சொல்ல வேண்டும். “எப்படி இருக்கீங்க, போலாமா?” என்று கேட்டார். இருவர் போகலாம் என்றார்கள். இளைஞர், “எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, நீங்க சொல்லுங்க” என்றார்.

போவது என்று முடிவு செய்ததற்கு மூன்று காரணங்கள். மழை பெரிதாக மூன்று மணிக்குத்தான். பிளாக்வெல் வரை ஒன்றே முக்கால் மணி நேர ஓட்டம்தான், அதுவும் மெல்லிய இறக்கம். திரும்பிப் போனால் கார் பிளாக்வெல்லில் இருக்கிறது. போன் செய்து என்னை வரவழைக்க சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போக வேண்டும்.

அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனமான முடிவு இல்லை. குழுவில் சிலர் “அங்கேயே திரும்பியிருக்கணும்” என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சரியான உடை போட்ட நான்கு பேருக்கு அந்தத் தூறல் ஒரு பொருட்டே இல்லை. அங்கே தவறவிட்டது ஓர் ஆளின் ஹூடியைத் தொட்டுப் பார்ப்பதை. தோள்பட்டை ஏற்கெனவே ஈரமாக இருந்தது என்று அந்தப் பெண் பிறகு நினைவுபடுத்திச் சொன்னார்.

பள்ளத்தாக்குக்குள்

பதினொன்றரைக்கெல்லாம் தூறல் மழையாகிவிட்டது. பொடித்த சுண்ணாம்புக்கல் காய்ந்திருக்கும்போது தார் ரோடு மாதிரி ஓடும். நனைந்தால் குழைந்து சாம்பல் நிறச் சேறாகி டயரில் ஒட்டும், செயினில் அப்பும், பிரேக்கில் அரைபடும். மணிக்கு 18 கி.மீ. போனவர்கள் 13-க்கு இறங்கினார்கள். மட்கார்டு இல்லாததால் பின்சக்கரச் சேறு முதுகில் நேராக அடித்தது.

உடம்பு நனைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த மாதிரி இறக்கத்தில் கால்களுக்கு வேலை குறைவு. ஏற்றம் மிதித்தால் உடம்பே அடுப்பாகும். இங்கே மெதுவாக மிதித்துக்கொண்டு, அதே சமயம் நாமே காற்றை உண்டாக்கிக்கொண்டு போகிறோம். நனைந்த பருத்தி சூட்டைப் பிடித்து வைக்காது, தண்ணீரை மட்டும் பிடித்து வைக்கும். காலையில் சாப்பிடாத ஒல்லியான உடம்பில் எரிக்க எரிபொருளும் இல்லை.

பஞ்சர்

பன்னிரண்டு மணிக்குப் பொறியாளரின் பின்டயரில் ஒரு கூரான கல் ஏறியது. டியூப்லெஸ் டயர், உள்ளே ஓட்டையை அடைப்பதற்காக ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் வெட்டை அடைக்காமல் வெள்ளையாகப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. டியூப் போட வேண்டும். விறைத்த விரலால் டயரை ரிம்மிலிருந்து கழற்றுவதற்கே பத்து நிமிடம் ஆனது. மொத்தத்தில் முப்பத்தைந்து நிமிடம் ஒரு ஹெம்லாக் மரத்தடியில் நின்றார்கள். மரம் மழையைத் தடுக்கும் என்று நினைப்போம். கொஞ்ச நேரம் தடுக்கும், அப்புறம் பெரிய பெரிய சொட்டாகச் சேர்த்து விடும்.

அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் மூன்று பேருக்கு வேலை இருந்தது. ஒருவர் கழற்ற, ஒருவர் பிடிக்க, ஒருவர் பம்ப் அடிக்க. இளைஞருக்கு மட்டும் வேலை இல்லை. கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். முதலில் நன்றாக நடுங்கினார். அந்தப் பெண் ஒரு கடலைமிட்டாய் பாக்கெட்டை நீட்டி “சாப்பிடு” என்றார். “சாப்பிடறேன்கா” என்று வாங்கிக்கொண்டார்.

கிளம்பும் நேரத்தில் அந்தப் பாக்கெட் அப்படியே அவர் கையில் இருந்தது. ஓரத்தில் பல்லால் கடித்த தடம். ஈர பிளாஸ்டிக்கை விரலால் பிடித்துக் கிழிக்க முடியாமல், பல்லாலும் முயன்று, விட்டுவிட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி “சரியா இருக்கியா?” என்று கேட்டபோது தலையை ஆட்டினார்.

பார்த்ததும் செய்ததும்

கிளம்பி நாலைந்து நிமிடத்தில், பின்னால் வந்துகொண்டிருந்த அந்தப் பெண் சில விஷயங்களைக் கவனித்தார். இளைஞர் கியர் மாற்றுவதை நிறுத்திவிட்டார். பெரிய கியரில் திணறி மிதித்தார். முன்சக்கரம் இரண்டு முறை புல் ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. ஓட்டிக்கொண்டே பக்கத்தில் போய்ப் பார்த்தால் நடுக்கம் குறைந்திருந்தது. அது நல்ல அறிகுறி என்று அவர் ஒரு கணம் நினைத்தாராம். அடுத்த கணம் கடித்த பாக்கெட் நினைவுக்கு வந்தது. “உன் ரூம்மேட் பேர் என்ன?” என்று கேட்டார். பதில் வர நேரம் ஆனது. வந்ததும் குழறலாக வந்தது. “நிறுத்துங்க!” என்று கத்தினார்.

சூடு ஏறியதால் நடுக்கம் குறைந்தால் நல்லது. சூடு ஏற வழியே இல்லாதபோது குறைந்தால், உடம்பு சண்டையைக் கைவிடுகிறது என்று அர்த்தம். உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். ஆனால் காட்டில் தெர்மாமீட்டர் யாரிடம் இருக்கிறது? விரல் வேலை செய்யாதது, கால் தடுமாறுவது, பேச்சு குழறுவது, ஆள் ஒதுங்கிப் போவது, இவைதான் அளவுகோல். இதில் எதுவும் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. மூளையும் சேர்ந்து குளிர்ந்துவிடுவதுதான் காரணம்.

இங்கே இரண்டாவது முடிவு. டயடாட்டன் மூன்று கி.மீ. தூரத்தில் இருந்தது. பொறியாளர், “மூணு கிலோமீட்டர்தானே, தள்ளிக்கிட்டே போயிடலாம்” என்றார். பெண் மறுத்தார். இந்த நிலையில் ஆளை நடக்க வைத்தால் கை காலில் தேங்கி நிற்கும் குளிர்ந்த ரத்தம் திரும்பி உள்ளே வந்து நிலைமையை மோசமாக்கலாம். முதலில் உலர்த்தி, இனிப்பு கொடுத்து, மறுபடி நன்றாக நடுங்க விட வேண்டும் என்று அவர் முதலுதவி வகுப்பில் படித்திருந்தார். வழிநடத்தியவர் அவர் பக்கம் நின்றார்.

ஈரத் துணி எல்லாவற்றையும் கழற்றினார்கள், வெட்கப்பட நேரம் இல்லை. வழிநடத்தியவர் பையில் இருந்த கம்பளி உள்சட்டை, பெண்ணின் இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், தலைக்குக் கம்பளித் தொப்பி. அதற்கு மேல் அலுமினியப் போர்வை, அதற்கும் மேல் ஒரு பெரிய குப்பைப் பை, தலைக்கு ஓட்டை போட்டது. ஈர மண்ணில் உட்காராமல் இரண்டு முதுகுப்பைகளை அடுக்கி உட்கார வைத்தார்கள். ஒரே ஒரு பிளாஸ்கில் சுக்குக் காபி இருந்தது, கருப்பட்டி போட்டது. முழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சின்னச் சின்ன வாயாகக் கொடுத்தார்கள். கை காலைத் தேய்க்கவில்லை. தேய்க்கக் கூடாது என்பதும் அந்த வகுப்பில் சொன்னதுதான். நம் ஊர்ப் பழக்கத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுவாகத்தான் இருக்கும்.

பொறியாளரை டயடாட்டனுக்கு முன்னால் அனுப்பினார்கள். தனியாக ஒருவரை அனுப்புவது ஆபத்துதான். ஆனால் நேர்ப் பாதை, பிரியும் வழி கிடையாது, அவர் நன்றாக இருந்தார். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி வழிநடத்தியவரின் ஐபோனில் இருந்தது. அதற்குத் திறந்த வானம் வேண்டும். கிழக்கே சரிவு, மேலே மரம். ஆற்றங்கரைக்கு இறங்கி முயன்றார். இணைப்பு வந்து வந்து போனது. அதற்குள் உதவி கிடைத்ததால் அதைத் தொடரவில்லை.

டயடாட்டனில் மீன் பிடிக்க வந்திருந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள், பிக்கப் டிரக்கோடு. பொறியாளர் விஷயத்தைச் சொன்னதும் ஹீட்டரைப் போட்டுவிட்டு ஒரு தூக்கப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதைத் தோளில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த இளைஞர் அதற்குள் பல் தந்தியடிக்க நடுங்க ஆரம்பித்திருந்தார், பேச்சும் தெளிந்தது. தூக்கப்பையைச் சுற்றிக்கொண்டு, இருவர் தாங்க, மெதுவாக நடந்து டயடாட்டன் சேர்ந்தார்கள். மணி இரண்டரை.

பிளாக்வெல்லில் காத்திருந்த கார்

ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. என் போனில் சிக்னல் இல்லை. இங்கேயே நிற்பதா, டயடாட்டனுக்குப் போவதா? நான் நகர்ந்த பிறகு அவர்கள் வந்துவிட்டால், நனைந்த நான்கு பேருக்குக் காரும் இல்லை, ஹீட்டரும் இல்லை. நகராவிட்டால், நடுவில் சிக்கியவர்களுக்கு யாரும் இல்லை.

இரண்டே காலுக்குக் கிளம்பினேன். அதற்கு முன், காரில் இருந்த உலர்ந்த உடைப் பையை அங்கிருந்த விடுதியில் ஒப்படைத்து, நான்கு பேர் சைக்கிளில் வந்தால் உள்ளே உட்கார வையுங்கள், நான்கு மணிக்குள் என்னிடமிருந்தோ அவர்களிடமிருந்தோ தகவல் இல்லாவிட்டால் அவசர உதவி எண்ணான 911-க்குச் சொல்லுங்கள் என்றேன். பாதை முகப்பில் இருந்த அறிவிப்புப் பலகையிலும் ஒரு சீட்டு செருகினேன். மாரிஸ் என்ற ஊர் வழியாக மலை ஏறி, காட்டுச் சாலையில் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று மணிக்கு டிரக்கின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததையும் உள்ளே நம் பையன் குப்பைப் பையோடு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன்.

பின்விளைவு

இளைஞர் வீட்டுக்குப் போகலாம் என்றார். குளிரைவிட மருத்துவமனை பில் அவரைப் பயமுறுத்தியது. இன்ஷூரன்ஸ் அட்டை கையில் இல்லை. அட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெல்ஸ்பரோவில் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். சூடு ஏறக்குறைய இயல்புக்கு வந்திருந்தது. இதயத் துடிப்பைப் பதிவு செய்து, சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். லேசான ஹைப்போதெர்மியா என்றும், வெளியே செய்தது சரி என்றும் மருத்துவர் சொன்னார். விரல் நுனிகளில் மரத்த உணர்வு சில நாள் இருந்தது. பில்லின் பெரும்பகுதியை இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது.

இரவல் சைக்கிள் கொடுத்தவருக்குத்தான் நஷ்டம். சுண்ணாம்புச் சேறு ஒரு ராத்திரியில் சிமென்ட் மாதிரி இறுகி, செயினும் பிரேக் பேடும் மாற்ற வேண்டியதாயிற்று. அன்று இரவே வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் செயினாவது தப்பியிருக்கும்.

என்ன மாற்றியிருக்கிறோம்

கேள்வி கேட்பதை விட்டுவிட்டு வேலை கொடுக்கிறோம். நம் ஆட்களிடம், அதுவும் வயதில் சின்னவரிடம், அண்ணனும் அக்காவும் “நல்லா இருக்கியா” என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பதிலுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் கிடையாது. இப்போது நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும், வழிநடத்துபவர் உட்பட, கட்டை விரலால் சுண்டு விரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு மிட்டாய் உறையைப் பிரித்துத் தின்ன வேண்டும். முடியாதவர் இருந்தால் பயணம் அங்கேயே நிற்கும். கேலிக்கு ஆளான விதி இது, ஆனாலும் நடக்கிறது.

பருத்தி உடையோடு வருபவரைக் கிளம்பும் இடத்திலேயே நிறுத்துகிறோம். செப்டம்பருக்கு மேல் ஒவ்வொருவர் பையிலும் பிளாஸ்டிக்கில் சுற்றிய உலர்ந்த மேலுடை ஒன்று இருக்க வேண்டும். அன்று அந்தக் கம்பளிச் சட்டை இருந்தது வழிநடத்தியவரின் பழக்கத்தால் மட்டுமே. பஞ்சர் ஆனால் சும்மா நிற்பவருக்கு முதலில் ஜாக்கெட், அப்புறம்தான் டயர். டார்லிங் ரன்னில் மழை இருந்தால் உள்ளே போவதில்லை என்ற விதியையும் சிலர் கேட்டார்கள். பெரும்பான்மை ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான். உடை சரியாக இருந்தால் போகலாம்.

தீராமல் இருப்பது காரின் விஷயம். குறித்த நேரத்துக்கு மேல் அரை மணி பொறுத்துவிட்டு டயடாட்டனுக்கு நகர வேண்டும் என்பது என் வாதம். கார் அசையவே கூடாது, நேரம் தாண்டினால் விடுதியிலிருந்து நேராக 911-ஐக் கூப்பிட வேண்டும் என்பது வழிநடத்தியவரின் வாதம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால், மழை வாய்ப்புள்ள நாட்களில் இரண்டு கார் எடுத்துப் போகிறோம்: ஒன்று பிளாக்வெல்லுக்கு, ஒன்று டயடாட்டனுக்கு. யார் சைக்கிள் ஓட்டுவது, யார் காரில் உட்காருவது என்பதில் ஒவ்வொரு தடவையும் இழுபறிதான்.